அடித்தாள்

குத்தாயிசியில் ஜனவரி மழை,
பனியாகலாமா வேண்டாமா என்று
ரியோனி ஆற்றின்மேல் நின்று யோசிக்கிறது.
காலையில் குற்றவியல் சட்டம், மூன்றாம் மாடி.
மாலையில் ஆவண ஆய்வு, நிலவறை.
நடுவில் ஒரு மினிபஸ்,
காகிதத்தில் எண்ணெய் கசியும் பாலாடைக்கட்டி ரொட்டி.

காலையில் சொன்னார்கள்:
செயல் மட்டும் குற்றமாகாது,
செய்தபோது மனம் எங்கே இருந்தது என்று கேள்.
மாலையில் சொன்னார்கள்:
மனத்தைக் கேட்காதே,
தாளைக் கேள்.
இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினேன்,
முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து மற்றது.
இந்த வாரம் இரண்டும் நடுப்பக்கத்தில் முட்டிக்கொண்டன.

பயிற்சிக்கு வந்தது முடிந்துபோன வழக்கு.
திராட்சைத் தோட்டத்தின் விற்பனைப் பத்திரம்,
அதில் இறந்தவரின் கையெழுத்து,
போட்டது மனைவி என்று குற்றச்சாட்டு.
பெயர்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள்.
தீர்ப்பை அடிக்கவில்லை: இரண்டு ஆண்டு.
காரணம், கோட்டில் நடுக்கம்.
காரணம், பேனா எடுத்தெடுத்து வைத்த தடம்.
காரணம், அடுக்களை இழுப்பறையில் கிடைத்த
எழுதாத குறிப்பேடு.

கோச்சா அதன் முதல் தாளைப்
பித்தளைத் தட்டில் விரித்தான்.
ஆறு வருடம் போக்குவரத்துக் காவலில் இருந்தவன்,
பச்சை விளக்கைக்கூட இரண்டு முறை பார்ப்பவன்.
மேலே படலம் போர்த்திக் காற்றை உறிஞ்சியதும்
தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்தது.
மின்னேற்றும் கோலை ஓட்டினேன்.
கருந்தூள் பூசிய கண்ணாடி மணிகள்
சோளம்போல் உருண்டு சரிந்தன.

வெள்ளையிலிருந்து ஒரு பெயர் எழுந்தது.
பதினேழு முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக.
"ஒத்திகை" என்றான் கோச்சா.
தீர்ப்பும் அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தது.
நானும் எழுதிக்கொண்டேன்: ஒத்திகை.

பிறகு, ஒன்பதாவது வரிக்கும் பத்தாவதுக்கும் இடையில்,
கோணலாய், விளிம்பில் வழுக்கி,
அதே நடுக்கத்தில்
ஐந்தெழுத்து:
தண்ணீர்.

கள்ளக் கையெழுத்துப் பழகுகிறவள்
தாகமெடுத்தால் எழுந்துபோய்க் குடிப்பாள்.
எழுதிக் கேட்கிறவன்
வாய் எழாதவன்.
பாதி உடம்பு பேச்சு கேட்காமல் போனபின்
தன் பெயரைத் தானே
அரிச்சுவடியிலிருந்து தொடங்கியவன்.
பதினேழிலும் கடைசி எழுத்தின் வால்
இடப்பக்கம் திரும்பியிருந்தது.
கோப்பின் பழைய உர ரசீதுகளிலும் அப்படியே.

கோச்சா ஒன்றும் பேசவில்லை.
கருவியைச் சோதிக்கிறேன் என்று
தீர்ப்பின் பக்கத்தை அகச்சிவப்பில் வைத்தான்.
மார்க்கர் மை புகைபோல் விலகியது,
அச்சின் கரி மட்டும் நின்றது:
லமாரா.
திரையை அணைத்தான்.
"நாம பார்க்கல" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"பார்த்தாச்சே" என்றான்.

அறிக்கையில் எழுதலாம்:
அழுத்தத் தடங்கள் புலப்படுகின்றன.
எழுதக்கூடாது:
அவருக்குத் தாகமாக இருந்தது.
நான் எழுதினேன்.
பத்துக்கு ஆறு. ஓரத்தில் சிவப்பில்,
வரம்பு மீறிய ஊகம்.

மறுநாள் மூன்றாம் மாடியில் கேள்வி:
சந்தேகத்தின் பலன் யாருக்கு?
எல்லாக் கைகளும் உயர்ந்தன.
என் விரல் இடுக்கில் இன்னும் அந்தத் தூள்.

ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு.
எதை எழுதினாலும் அடியில் கனத்த அட்டை வை,
கீழிருக்கும் தாளுக்கு உன் கை இறங்கக் கூடாது.
அன்றிரவு வாடகை அறையில்
மேல்முறையீட்டு மன்றத்துக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்.
நீ யார், உனக்கென்ன தொடர்பு
என்ற இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது.
வெளியே மழை ஒருவழியாகப் பனியானது.
அட்டையை உருவிக் கட்டிலுக்கடியில் போட்டேன்.
அழுத்தி எழுதினேன்.